செருப்புப் போட்ட வண்டி

"மலைக்காரர்கள் சூனியம் வைப்பார்கள், தனியாகப் போகாதே" என்று அடிவாரத்துச் சேந்தமங்கலமே தடுத்தது. கேட்காமல் மோட்டார் சைக்கிளில் கிளம்பிய வீரன் நான். துரைமார் குதிரையில் ஏறும் பாதையில், வண்டி என்னைச் சுமந்ததைவிட நான் அதைத் தள்ளியதுதான் அதிகம். இப்போது மலைமேல், வளப்பூர் நாட்டில், ஊர்க்கவுண்டர் என்னை மறித்து நிற்கிறார். கோயில் எல்லைக்குள் செருப்புக் கூடாதாம். பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடிக்கிறேன்.

"அதுங்க?" என்று சக்கரத்தைக் காட்டுகிறார்.

"அது ரப்பருங்க."

"ரப்பரோ தோலோ, கால்ல போட்டா செருப்புத்தானுங்க சாமி. கழட்டுங்க."

கழற்றினால் வண்டி ஓடாது. திரும்பிப் போனால் சேந்தமங்கலம் சிரிக்கும். என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. பலாப்பழம் சுமக்கும் மூங்கில்களோடு ஆறு பேரைக் கூப்பிடுகிறார். அந்தச் சூனியக்காரர்களின் தோளில், தரையைத் தொடாமல், மாப்பிள்ளைபோல் போகிறது வண்டி. பெண்கள் குலவையிடுகிறார்கள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். காலில் முள் ஏறியதும்தான் கால் இருப்பதே புரிகிறது.

"ஏனுங்க, என்னையும் தூக்கக் கூடாதுங்களா?"

"உங்களுக்கென்னங்க சாமி, வெறுங்காலுதானுங்களே, நடங்க!"