மேசையில் ஒரு சாண்

தம்போயில் எங்கள் பிளாட்டில் கூடம் ஒன்றுதான். சாமி படம், தொலைக்காட்சி, மகளின் பள்ளிப்பை, என் தையல் இயந்திரம் எல்லாம் அதற்குள்தான் குடியிருக்கின்றன. நடுவில் ஒரே ஒரு மேசை. காலையில் அதில்தான் சாப்பாடு, பகலில் நான் துணி வெட்டுவேன், சாயங்காலம் மகள் வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒரு சொட்டுக் குழம்பு ஒட்டியிருந்தாலும் ஊரார் பட்டு பாழாகிவிடும். எனக்கோ மூக்கு மேலே கோபம். மேசையில் யார் எதை வைத்தாலும் கேள்வியே கிடையாது, அப்படியே வழித்து பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவேன். வருகிறவர்கள், "எப்படிலா மேசைய இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

அந்த டின்னுக்குள் அதிகம் போனவை என் கணவரின் சாமான்கள். அவருக்கு எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூரில் கிடங்கு வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். எல்லையில் காட்டும் கடப்பிதழை வைக்க இடுப்பில் கட்டும் சிறு பை ஒன்று உண்டு. "ஜிப்பு போச்சு, மாத்திக் குடும்மா" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். தீபாவளி நெருங்கும் நேரம். ஊர் பிளவுஸ்களையெல்லாம் தைத்தேன். அந்தப் பையைத் தொடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணில் பட்டாலாவது தைப்பேன் என்று பையை மேசையில் வைத்தார். கடப்பிதழை வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அந்த நேரம் பார்த்து பெர்மாஸ் ஜெயாவிலிருந்து வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிட்டார். தங்காக்கில் வாங்கிய பட்டை விரித்துக் காட்ட வேண்டுமாம். நான் மேசையில் இருந்ததையெல்லாம் வழித்து டின்னில் போட்டேன். மேசையோரம் தைத்து முடித்துக் கிடந்த பிளவுஸ்களை வாரி வாடிக்கையாளரின் துணிப்பையில் வைத்தேன். எல்லாம் ஒரே வீச்சில் முடிந்தது.

மறுநாள் காலை இவர் டின்னிலிருந்து பையை எடுத்திருக்கிறார். உள்ளே கையுறையும் வேலை அட்டையும் இருந்ததால் கனம் சரியாகத்தான் இருந்தது. கடப்பிதழை நானே உள்ளே வைத்திருப்பேன் என்று நம்பி, ஊக்கு குத்திக் கட்டிக்கொண்டு போய்விட்டார். எல்லையில் குடிநுழைவுச் சாவடியில் நின்று போன் செய்தார்.

"மேசை மேல என் பாஸ்போர்ட் இருக்கா பாரு."

மேசையில் ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்தபடி இருந்தது.

அந்த மாதம் பாலத்து நெரிசலில் ஏற்கெனவே இரண்டு முறை தாமதமாகியிருந்தது. இன்னொரு தடவை என்றால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். டின்னைக் கவிழ்த்தேன், குப்பையைக் கிளறினேன். கடைசியில் அந்த வாடிக்கையாளரை அழைத்தேன்.

"இருக்குக்கா. பச்சை பிளவுஸுக்குள்ள இருக்கு. அண்ணன வரச் சொல்லுங்க, நான் கீழ வந்து நிக்கிறேன்" என்றார்.

இவர் பெர்மாஸ் ஜெயாவுக்குத் திரும்பிப் போய் அதை வாங்கிக்கொண்டு மறுபடியும் வரிசையில் நின்றார். அன்று முழுவதும் அவரிடமிருந்து தகவல் இல்லை. நான் ஒரு துணிகூட வெட்டவில்லை. அந்தச் சுத்தமான மேசையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இருட்டிய பிறகு வீடு வந்ததும், "வேல இருக்கு. இதான் கடைசின்னு லெட்டர் குடுத்துட்டாங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். கடப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார்.

"இத எங்க வைக்கட்டும்?" என்று கேட்டார்.

குத்தலாகக் கேட்கவில்லை. பிறத்தியார் வீட்டுக்கு வந்தவர் கேட்பதுபோல் கேட்டார். இத்தனை வருஷமும் இந்த வீட்டில் அவர் சாமான் ஒன்றுக்கும் நான் இடம் விடவில்லை.

துணியில் குறியிடும் சாக்குக்கட்டியை எடுத்து, மேசையின் வாசல் பக்க மூலையில் ஒரு சாண் அளவுக்குக் கட்டம் போட்டேன். "இங்க வைங்க" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இயந்திரத்தில் உட்கார்ந்தேன். ஜிப்பை மாற்றக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

துணி உரசிக் கோடு அழியும். அவர் வருவதற்குள் திரும்பப் போட்டுவிடுவேன். முதலில் எல்லாவற்றையும் கட்டத்துக்குள் ஒடுக்கி ஒடுக்கி வைத்தார். இப்போது சாவி கோட்டைத் தாண்டிக் கிடக்கிறது. நான் துணியை நகர்த்திக்கொள்கிறேன்.