கை படாமல் எடுத்த நிலா

செம்பூரில் எங்கள் கட்டட மொட்டைமாடியில் டெலஸ்கோப்பை நிறுத்தி, கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் மொபைலை ஒரு கிளாம்பால் இறுக்கி, நிலாவைப் படம் பிடிக்கத் தொடங்கிய புதிதில் எனக்குக் கிடைத்ததெல்லாம் வெள்ளைத் தீற்றல்கள்தான். திரையில் விரல் பட்டாலே குழாய் மொத்தமும் ஆடிவிடும். பக்கத்து வீட்டு மாமி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, தோசைமாவு சிந்தின மாதிரி இருக்கிறது என்றார்.

குர்லாவில் மொபைல் கவர் விற்கும் கடையில் ஒரு ரிமோட் வாங்கினேன். ஒரே ஒரு பொத்தான். ப்ளூடூத்தில் மொபைலோடு சேர்த்துவிட்டால் தள்ளி நின்றே படம் எடுக்கலாம். வீட்டில் சோதித்துப் பார்க்க மனைவியின் மொபைலில் சேர்த்தவன், அதை மறந்து மாடிக்குப் போய்விட்டேன். அமுக்கி அமுக்கிப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை. நேர் கீழே எங்கள் சமையலறையில், அவள் மொபைலில் ஓடிய சீரியலின் சத்தம் மட்டும் நான் அமுக்கும் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. மேலே வந்து நின்றாள்.

"ஒங்க நிலாவுக்கு எம் போனு எதுக்குங்கேன்?"

மறுநாள் பொழுது சாயும் நேரம், ரிமோட்டை என் மொபைலிலேயே சேர்த்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அரை நிலா உச்சியில் இருந்தது. துணி எடுக்க வந்த மாமி திரையைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். பள்ளங்களின் விளிம்புகூடத் தெரிந்தது. கட்டடத்தில் எந்தக் கல்யாணம், சீமந்தம் என்றாலும் முன்பெல்லாம் அவர்தான் படம் எடுப்பார். கை நடுக்கம் வந்த பிறகு அதை விட்டுவிட்டார். ரிமோட்டை அவரிடம் நீட்டினேன்.

"என் கை ஆடற ஆட்டத்துக்கு நிலா பூனாவுக்கே போயிடும்" என்றார்.

கை எவ்வளவு ஆடினாலும் டெலஸ்கோப்புக்குத் தெரியாது என்றேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ரிமோட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினார். நடுக்கத்தில் பொத்தான் இரண்டு முறை அமுங்கிவிட்டது. இரண்டு படமும் துல்லியமாக விழுந்தன. இன்னொன்று எடுக்கலாமா என்று கேட்டார். நிலா சட்டத்தைவிட்டு நகர நகர, நான் குழாயைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். மனைவி டீயோடு வந்து, மாமியின் துணிகளை மடித்து வைத்தாள்.

அந்த வாரமே மாமி தனக்கும் ஒரு ரிமோட் வாங்கிவரச் சொன்னார். கணபதி பண்டிகைக்குக் கட்டடத்தில் எல்லோரையும் படிக்கட்டில் நிற்கவைத்து, மொபைலை ஸ்டாண்டில் பொருத்தி, ரிமோட்டோடு தானும் வந்து நடுவில் நின்றுகொண்டார். இத்தனை வருடப் படங்களில் அவர் ஒன்றில்கூட இல்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. என் கண் மூடியிருந்ததாம், திரும்ப எடுத்தார்.