கேலிமுறையில் கிடைத்த விசில்

நந்தெனின் கொண்டே என்பவள் எங்கள் ஆட்டக் குழுவுக்குத் தலைவியா இல்லையா என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். இருபது வருடமாக அந்தக் குழுவில் பெரிய மேளம் அடிக்கிறேன். எனக்கே குழப்பம், கேட்கிறவனுக்கு என்ன அவசரம்?

பதினெட்டு வயதில் வந்தாள். காலையில் எங்கள் ஊர் மத்தோத்தோ சந்தையில் புகைபோட்ட மீன் விற்பாள், சாயங்காலம் எங்கள் முற்றத்தில் கடைசி வரிசையில் ஆடுவாள். மீன் வாடை என்று முன்வரிசைக்காரிகள் மூக்கைப் பொத்துவார்கள். அந்த முன்வரிசைக்காரிகள் ஒவ்வொருத்தியாக வெளிநாட்டுக்கு ஆடப் போனார்கள். போனவள் போனவள்தான். காலியான இடத்திலெல்லாம் நந்தெனின் நின்றாள். இப்படி ஓட்டை அடைத்து அடைத்தே பதினைந்து வருடத்தில் எல்லோருடைய ஆட்டமும் அவள் காலுக்கு வந்துவிட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நானும்தான்.

அப்போது தலைவன் லான்சினே த்ராவோரே. த்ராவோரே குடும்பமும் கொண்டே குடும்பமும் கேலிமுறைக்காரர்கள். இருவரும் பார்த்துக்கொண்டால் வாய் சும்மா இருக்காது; காராமணி தின்னி என்பார்கள், அடிமை என்பார்கள். என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது, சொன்னதை நிஜமென்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆனால் கேலிமுறைக்காரன் ஒன்றைக் கேட்டுவிட்டால் மாட்டேன் என்று சொல்லவும் கூடாது. இதை வகுத்த முன்னோர்கள் எதிரே வந்தால் நாலு கேள்வி கேட்பேன்.

ஒருநாள் லான்சினேவுக்கும் வெளிநாட்டு அழைப்பு வந்தது. இரண்டே மாதம் என்றான். கடைசி ஒத்திகை முடிந்ததும், "நீ வர்ற வரைக்கும் எங்கள யாரு பாத்துக்குவா?" என்று ஜெம்பே மேளம் அடிக்கிற மோர்லே கேட்டான்.

ஆட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் தலைவன் ஊதுகிற விசிலை லான்சினே தன் கழுத்திலிருந்து கழற்றி நந்தெனின் கழுத்தில் மாட்டினான். "இந்தா, காராமணி தின்னி! இனிமே நீதான் இவங்களுக்குத் தலைவி. என் அடிமைதான நீ? என் வேலைய நீதான் செய்யணும்."

"யாருடா அடிமை? எங்க வீட்டுக் காராமணியத் திருடித் தின்னு வளந்த வம்சம் ஒங்களுது. போய்ட்டு வா, இந்த முற்றத்த ஒன்னையே கூட்ட வைக்கிறேன்."

வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இரண்டு மாதம் எட்டு மாதமானது. அப்புறம்தான் எல்லோருக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. அவன் சொன்னது நிஜமா, கேலியா? நந்தெனினுக்கும் அதே சந்தேகம். விசிலைக் கழுத்தில் போட்டிருப்பாள், ஊத மாட்டாள். கையைத் தட்டி நிறுத்தச் சொல்வாள். மோர்லே தனக்குத் தோன்றும்போது நிறுத்துவான். "நந்தெனின், அவன் சிரிச்சுக்கிட்டே சொன்னதுக்கு நான் கட்டுப்படணுமா?" என்பான். அவன் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. அவளைப் பார்த்தால் அவள் பக்கமும் நியாயமாகப் பட்டது.

ஒருநாள் என்னிடம் வந்தாள். "அண்ணே, நீங்க பக்கத்துலதான நின்னீங்க. அவன் கண்ணு சிரிச்சுதா, இல்லியா?"

"வாய் சிரிச்சுது. கண்ண நான் பாக்கலம்மா."

"இருவது பேரு நின்னீங்க, ஒருத்தர் கூடவா பாக்கல?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. என் கைபேசியிலேயே அவனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். பதினைந்து வருடத்தில் முதல்முறையாகக் கேலி இல்லாமல் அவனோடு பேசினாள். "லான்சினே, விளையாடாம சொல்லு. நான் தலைவியா, இல்லியா?"

"காராமணி மூளைக்கு ஏறிருச்சா? அடிமைக்கு எதுக்குடி இந்தக் கேள்வியெல்லாம்?" என்று அங்கிருந்து சிரித்தான். இவள் போனை என் மடியில் எறிந்துவிட்டுப் போனாள். அவன் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

இரண்டாம் வருட மழைக்காலத்தில் லான்சினே உடம்பு கெட்டுத் திரும்பி வந்தான். அவள் சோறும் மீன் குழம்பும் கொண்டுபோனபோது நினைவு தப்பிக் கிடந்தான். அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டான். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

பாடையைத் தூக்கியது எங்கள் குழுவின் எட்டுப் பேர்தான். முன்னால் மோர்லே, பின்னால் நான். வாசலுக்கு வந்தால், லான்சினேவின் பழைய தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, குறுக்கே காலை நீட்டி நந்தெனின் உட்கார்ந்திருக்கிறாள். சாவு வீட்டிலும் கேலிமுறைக்காரி இப்படிக் கேலி செய்து வழிமறிப்பது எங்கள் வழக்கம்தான். அழுதுகொண்டிருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள்.

"காராமணி தின்னி! பதில் சொல்லாம எங்கடா கெளம்பிட்ட? வெளையாட்டுக்குச் சொன்னியா, நெஜமாச் சொன்னியா? சொன்னாத்தான் வழி!"

எல்லோரும் இன்னும் சிரித்தார்கள். "சொல்லுடா," என்றாள் மறுபடியும். குரல் உடைந்துவிட்டது. சிரிப்பும் நின்றது.

லான்சினேவின் தம்பி பொறுமையிழந்தான். "போதும்மா, வழி விடு. ஏம்ப்பா, நடங்கப்பா."

அவள் எழுந்து ஓரமாக நின்றாள். வழி திறந்திருந்தது. ஆனாலும் நாங்கள் நடக்கவில்லை. ஏன் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தோள் கடுத்தது. அவன் தம்பி மறுபடி நடக்கச் சொன்னான். மோர்லே அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நந்தெனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊதுங்கக்கா," என்றான்.

அவளை அவன் அக்கா என்று அழைத்து நான் கேட்டதே இல்லை. அவள் எங்கள் எட்டுப் பேரையும் ஒருமுறை பார்த்தாள். தொப்பியைக் கழற்றிப் பாடையின் மேல் வைத்தாள். விசிலை வாயில் வைத்துச் சின்னதாக ஒருமுறை ஊதினாள்.

எட்டுப் பேரும் ஒன்றாக வலது காலை எடுத்து வைத்தோம்.