எதிர்வீட்டு சாரின் மூக்கு

செம்பாக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கும் இயற்கை அங்காடியில், மண் ஒட்டிய முள்ளங்கி ஒன்றை முகர்ந்து பார்த்து, "வாசனையிலேயே தெரியுதும்மா, நம்ம ஊர் மண்ணு" என்று என்னிடம் பூரித்தார் எங்கள் பழைய எதிர்வீட்டு சார். அந்த மூக்கைச் சிறுவயதிலிருந்தே எனக்குத் தெரியும்.

அப்போது எங்கள் தெருக்கோடியில், ஏரியை ஒட்டி, கன்னியம்மா அக்கா குத்தகைக்கு எடுத்த தோட்டம் இருந்தது. விடியும்போதே அவர் தண்ணீர் பாய்ச்சும் சலசலப்பும் ஈரச் சாணத்தின் காட்டமான வாடையும் எங்கள் படுக்கைவரை வந்துவிடும். மார்கழியில் பந்தல் கொள்ளாத அவரைக்காய், சித்திரையில் வெள்ளரிப்பிஞ்சு, மழை விட்டதும் தளதளவென்று முளைக்கீரை என்று அங்கே எது விளைந்ததோ அதைத்தான் தெருவே சமைத்தது, யாரும் அதற்குச் சான்றிதழ் கேட்கவில்லை.

சார் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடியிலிருந்து கத்துவார். "டீசன்டான ஏரியாவுல என்ன நாத்தம் இது?"

"எரு போடாம இன்னா சார் வெளையும்?" என்று அக்கா சிரிப்பார்.

சார் வீடுவீடாகக் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார். மனை போட்டு விற்கக் காத்திருந்த நிலத்துக்காரருக்கு அது வசதியாகப் போயிற்று. மண் லாரிகள் வந்து நின்ற காலையில், அக்கா கத்திரிப் பிஞ்சைக்கூட விடாமல் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். சார் பையோடு இறங்கி வந்தார்.

"நாளைலேர்ந்து கெடையாது சார்" என்றார் அக்கா, நிமிராமல்.

"அப்படியா? அப்ப இன்னைக்கு ரெண்டு கிலோவா போடு" என்று பையை விரித்தார் சார்.