ஐந்து சனிக்கிழமைகளுக்கு ஒரு கூட்டம்

எங்கள் பெண்கள் கல்லூரியில் ஐந்து சனிக்கிழமை தொடர்ந்து கச்சேரி வைக்க வேண்டும் என்று நான் போய்க் கேட்டதும், பிரின்சிபால் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணாடி கழன்றால் காரியம் கெட்டது என்று அர்த்தம். ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. சேலத்தில் நல்ல பாட்டு கேட்க ரேடியோவை விட்டால் கோயில் திருவிழாதான். நான் கல்லூரி சங்கீதக் கழகத்தின் செயலாளர். கழகம் என்றால் நானும் கண்ணாடி பீரோவில் இருந்த ஒரு தம்புராவும், அவ்வளவுதான்.

"போன வருஷம் நடந்தது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

மறக்குமா? வித்வான் தோடி ராகத்தை விஸ்தாரமாக எடுத்த பத்தாவது நிமிஷத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். முடிவில் காலி நாற்காலிகளும் நானும்தான் மிச்சம். பாவம், அந்த மனிதர் எனக்காக ஒரு மங்களம் பாடிவிட்டு ரயிலுக்குப் போனார்.

"இந்தத் தடவை முதல் கச்சேரிக்கு ஹால் நிறையணும். வந்தவங்க கடைசிவரைக்கும் உட்காரணும். உட்கார்ந்தா மிச்சம் நாலும் உண்டு. இல்லேன்னா தம்புராவை உறையிலே போட்டுக் கட்டிடு."

வெளியே வந்ததும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உட்கார ஆள் வேண்டும், இவ்வளவுதானே! எங்கள் மாதா கோயில் பங்கு மக்களைவிட உட்காரத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்? ஒரு வார்த்தைகூடப் புரியாத லத்தீன் பூசைக்கு இரண்டு மணி நேரம் அசையாமல் இருப்பவர்கள். என் அப்பா அந்தப் பங்கின் உபதேசியார். ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சண்டை தீர்ப்பது, பங்குச் சாமியார் இல்லாத நாளில் எல்லாரையும் கட்டி மேய்ப்பது அவர் வேலை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் தெருவே வரும்.

"தவக்காலம் வாரதுக்குள்ள முடிஞ்சிருமா?" என்று மட்டும் கேட்டார் அப்பா. ஈஸ்டருக்கு முந்திய அந்த நாற்பது நாளும் எங்களுக்குப் பாட்டு, கூத்து எதுவும் ஆகாது.

"அதுக்குத்தானப்பா இந்தச் சனிக்கிழமையே ஆரம்பிக்கிறோம்."

"அப்பச் சரி."

சனிக்கிழமை நாலு மணிக்கு வந்தார்கள் பாருங்கள்! ஞாயிற்றுக்கிழமை வேட்டியும் ஞாயிற்றுக்கிழமைச் சேலையுமாக, எண்ணெய் வழியும் தலைகளோடு, கைக்குழந்தைகளோடு. செருப்பை வாசலிலேயே விட்டார்கள். யாரும் சொல்லாமலே ஆண்கள் இடப்பக்கமும் பெண்கள் வலப்பக்கமும் பிரிந்து, நடுவில் வழிவிட்டு, ஜமக்காளத்தில் அமர்ந்தார்கள். பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டார்கள். எங்கள் தெரு இட்லிக்காரம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "ஏஞ்சாமி, நடுவுல முட்டிக்கால் போடோணுமா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"அதெல்லாம் வேண்டாங்க. பூசைக்கு உட்கார்ற மாதிரி உட்காருங்க, போதும்" என்றேன். அந்தப் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

பாடகி அம்மா பட்டணத்திலிருந்து வந்திருந்தார். அவருக்குப் பின்னால் நான்தான் தம்புரா. தந்திகளைக் காது கொடுத்துக் கேட்டவர், "நன்னா சேர்த்திருக்கியே, குழந்தே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் மேடையிலேயே இல்லை, எங்கேயோ போய்விட்டேன்.

வர்ணம் முடிந்தது. கீழே சத்தமே இல்லை. அடுத்த கீர்த்தனை முடிந்தது. ஒரு இருமல்கூட இல்லை. மூன்றாவதாகக் கல்யாணி. ஸ்வரங்களை வாரி இறைத்து, வயலினும் மிருதங்கமும் கூடவே ஓடிவர, மூவரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். வேறு ஊராக இருந்தால் கைதட்டலில் கூரை பிய்ந்திருக்கும். இங்கே முந்நூறு பேரும் கல்லாக இருந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அம்மாவின் பின்கழுத்துதான். அது விறைத்துப்போனது.

"இவாளுக்குப் பிடிக்கலை" என்று வயலின்காரரிடம் சொன்னார். விஸ்தாரமான ராகம் எதையும் தொடாமல் நேரே மங்களத்துக்குப் போய்விட்டார். ஆரம்பித்து முக்கால் மணிகூட ஆகவில்லை.

எனக்கு அழுகை முட்டியது. விரல் மட்டும் தந்தியில் ஓடிக்கொண்டிருந்தது. கைதட்டக்கூடத் தெரியாத கட்டைகளைக் கூட்டிவந்து என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேனே என்று மனசுக்குள் என் சொந்த ஜனங்களைத் திட்டித் தீர்த்தேன். முன்வரிசையில் பிரின்சிபால் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மங்களம் முடிந்தது. மிருதங்கக்காரர் உறையைப் போட்டார். பாடகி அம்மா கும்பிட்டார். கீழேயும் எல்லாரும் கும்பிட்டார்கள். ஆனால் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அவர் மறுபடி கும்பிட்டார். அவர்கள் கூப்பிய கையை இறக்கவே இல்லை. இப்படியே ஒரு நிமிஷம் போனது, இரண்டு நிமிஷம் போனது.

"ஏன் போக மாட்டேங்கறா?" என்று என் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அம்மா, பூசை முடிஞ்சாலும் சாமியார் பீடத்தை விட்டு இறங்கி உள்ளே போற வரைக்கும் நாங்க எழுந்திருக்க மாட்டோம். மரியாதை இல்லை. நீங்க இறங்கறதுக்குக் காத்திருக்காங்க."

"கைதட்டவே இல்லையேடி?"

"இவங்க பாட்டு கேட்டதெல்லாம் மாதா கோயில்லதாம்மா. அங்கே கைதட்டினா தப்பு."

அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். நானும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். இட்லிக்காரம்மா முக்காட்டு நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார். என் அப்பாவின் கன்னம் இரண்டும் நனைந்திருந்தது. கூப்பிய கையைப் பிரித்துத் துடைத்துக்கொள்ளக்கூட அவர் துணியவில்லை. சற்றுமுன் அவர்களைத் திட்டியதற்கு என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

"உறையைக் கழட்டுங்கோ" என்றார் பாடகி அம்மா.

மிருதங்கக்காரர் பதறினார். "மங்களம் பாடியாச்சே, அம்மா!"

"பாடியாச்சு. அதனால என்ன? இப்படி ஒரு கூட்டத்தை விட்டுட்டு எப்படிப் போறது? குழந்தே, சுருதி போடு."

தோடியை எடுத்தார். போன வருஷம் ஊரைக் காலிசெய்த அதே தோடி! பாடினார், பாடினார், ஒன்றரை மணி நேரம் பாடினார். வெளியே இருட்டியதும் யாரோ விளக்கைப் போட்டார்கள், அதற்குக்கூட ஒரு தலை திரும்பவில்லை. தோடியின் நடுவிலே, பிரின்சிபால் அம்மா என்னைப் பார்த்து மடியிலிருந்து கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டினார்.

சுருதியை நிறுத்த முடியாதே, நான் எங்கே எழுந்து குதிப்பது? தந்தியை மீட்டிக்கொண்டே, முந்நூறு பேருக்கு முன்னால், வாயெல்லாம் பல்லாக அழுதேன்.