ரிக் பட்டறையிலிருந்து துபாய்க்கு

திருச்செங்கோட்டில் பஸ் பஞ்சர். டயர் மாற்றும்வரை எதிரே உள்ள பட்டறையில் ஒதுங்கி நிற்கிறேன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை இங்கே கட்டுகிறார்கள். வெல்டிங் பொறி கால்வரை தெறிக்கிறது.

"எல்லாமே இங்கேயே செய்வதுதானா?" என்று பட்டறைக்காரர் செங்கோடனிடம் கேட்கிறேன்.

"வண்டி நம்முளுதுங்க. பாறையை ஒடைக்கற மொனை, பிட்டும்பாங்க, அது மட்டும் சீமையில இருந்து வருதுங்க."

"அதையும் நாமே செய்தால் என்ன?"

அவருக்கு முகம் சிவந்துவிடுகிறது.

"செஞ்சமுங்க! இந்த ராசுதான் செஞ்சான். மொதல்ல ஒடஞ்சுது. மறுக்கா செஞ்சது கருங்கல்லையே தொளைச்சுதுங்க. நல்ல உருக்குக்குப் பர்மிட் கேட்டு அலைஞ்சோம், கெடைக்கலைங்க. பேங்குல, வண்டி கட்டறது நல்லாத்தானே ஓடுது, புதுசா எதுக்குன்னுட்டாங்க. ரிக்குக்காரங்களுக்கும் சீமைப் பிட்டுத்தான் வேணுமாமுங்க. ரோட்டுல போற நீங்க கேக்கறீங்க, ஏன் செய்யலைன்னு. கேக்கவேண்டியவன் ஒருத்தனும் கேக்கலையே!"

ராசுவுக்கு முப்பது வயதிருக்கும். கையில் தகரப் பெட்டியோடு நிற்கிறார். என் பஸ்ஸில் ஈரோடு போய், ரயிலில் பம்பாய், அங்கிருந்து துபாய்.

"போயிட்டு வாரேனுங்க" என்கிறார்.

செங்கோடன் சுத்தியலைத் தூக்கி மூலையில் எறிகிறார்.

பஸ் கிளம்புகிறது. ராசு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"அங்கே பிட்டு செய்யும் கம்பெனியா?"

"இல்லைங்க. குழாய்க்கு வெல்டிங் வெக்கற வேலைங்க. பிட்டு செஞ்சவன்னு சொன்னேன். அதெல்லாம் அங்க வேண்டாம்னுட்டாங்க."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.