பிச்சாட்டூரில் பனி பெய்யாது

வக்கீல் தொழிலில் பொய் சொல்கிற கட்சிக்காரரை எப்படியாவது சமாளித்துவிடலாம். வலியைச் சொல்லாத கட்சிக்காரரை வைத்துக்கொண்டு ஊனப் பென்ஷன் வாங்குவதுதான் பெரும்பாடு. திருப்பதியில் கோர்ட்டுக்குப் பின்தெருவில், மொட்டைமாடி அறை ஒன்றில் நான் போர்டு மாட்டி உட்கார்ந்த நாளிலிருந்து எனக்கு வாய்த்தவர்கள் பெரும்பாலும் பழைய பட்டாளத்துக்காரர்கள். நீங்களும் ஒரு சர்டிபிகேட்டுக்காக ஏதாவது ஓர் ஆபீஸுக்கு நாலு நடை நடந்தவர் என்றால், இதைப் படித்து என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம். சிரித்தாலும் தப்பில்லை, நானே சிரித்தேன்.

ஆள் எடுப்பு

பத்து மணிக்கு வருகிறோம் என்று போனில் சொன்னவர்கள் ஒன்பது ஐம்பத்தைந்துக்கே வந்து மாடிப்படியில் வரிசையாக நின்றார்கள். நாலு பேர். ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலை கேட்டில் காவல் வேலை பார்க்கிறவர்கள்; நாலு பேருமே பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்கள். வழக்கு அவர்களில் ஒருவருக்குத்தான், நாயக் பதவியில் இருந்த முனிரத்தினத்துக்கு. பிச்சாட்டூர் ஏரிக்குப் பக்கத்து ஊர். மற்ற மூன்று பேரும் வக்கீலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வந்திருந்தார்கள்.

பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அத்தனை கேள்வி கேட்கமாட்டார்கள். எந்த ஊர், அப்பா என்ன செய்தார், இந்தி வருமா, சென்னையில் இருக்கிற ராணுவத் தீர்ப்பாயத்துக்கு ரயிலில் போவேனா பஸ்ஸிலா, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பேன். நகரி, பவர்லூம், புரியும் ஆனால் பேசினால் சிரிப்பார்கள், ரயில், ஐந்து மணி என்று ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். சட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. முனிரத்தினம் வாயே திறக்கவில்லை. பிறகு நாலு பேரும் வெளியே போய் ஆலோசனை செய்தார்கள். ஜன்னல் திறந்திருந்ததால், அவர்களில் மூத்தவரான சுபேதார் சொன்ன முடிவு என் காதில் நன்றாகவே விழுந்தது.

"ஒயரம்தான் கொஞ்சம் கம்மியா கீது. பரவால்ல, எட்த்துக்கலாம்."

மே மாதத்துப் பனி

வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதும் காகிதக் கட்டைப் பிரித்தேன். முனிரத்தினத்துக்கு இடது காலில் மூன்று விரல் கிடையாது. பனியில் உறைந்து கருகிப்போனதை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கொஞ்ச காலம் வைத்திருந்து, உடல் தகுதி போதாது என்று பாதி சர்வீஸிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊனப் பென்ஷன் கேட்டதற்கு எங்கோ ஓர் ஆபீஸிலிருந்து ஒரு பக்கத்தில் பதில் வந்திருந்தது. காயம், லீவில் சொந்த ஊரில் இருக்கும்போது ஏற்பட்டது. ஆகவே பணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காயத்தின் வகை என்ற இடத்தில் 'கடுங்குளிரால் உறைந்தது'. சொந்த ஊர் என்ற இடத்தில் பிச்சாட்டூர். மாதம், மே.

இரண்டு தடவை படித்தேன். எங்கள் பக்கம் மே மாதத்தில் ரோட்டுத் தார் இளகி செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். சிரித்துவிட்டேன். எதிரே அவர் சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார். துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. மலை உச்சியில் காவல் நின்றபோது விரல்கள் மரத்துப்போயின. மறுநாள் அவருக்குக் கல்யாண லீவு. டாக்டரிடம் காட்டினால் படுக்கையில் போட்டுவிடுவார்கள், லீவு போய்விடும். ஒன்றுக்கு இரண்டாக சாக்ஸ் மாட்டிக்கொண்டு, மலையிறங்க இரண்டு நாள், ரயிலில் நாலு நாள் என்று ஊர் வந்து சேர்ந்துவிட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் இங்கே ஆஸ்பத்திரியில் முதல் சீட்டே எழுதப்பட்டது, அந்தச் சீட்டைத்தான் அரசாங்கம் பிடித்துக்கொண்டது. யாராவது ஒருத்தரிடமாவது சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டேன்.

"பொண்ணு வீட்ல பந்தல் போட்டுட்டாங்கன்னு காயிதம் வந்துச்சிமா. அப்பால எப்படி சொல்றது?"

வறட்சிக்கு இருக்கிறது

பிச்சாட்டூரில் பனி பெய்யாது என்பதற்கு ஆதாரம் தேவையில்லை என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. என் குமாஸ்தா ரமணய்யாவுக்குத் தோன்றவில்லை. கோர்ட்டிலேயே நரைத்தவர், சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று மனுவில் எழுதினாலும் அதற்கு ஓர் அத்தாட்சி இணைக்கச் சொல்வார். அவர் தொந்தரவு தாங்காமல் ஒரு மண்டல ஆபீஸுக்குப் போய், இந்தப் பகுதியில் பனி உறைவதில்லை என்று சர்டிபிகேட் கேட்டு மனு கொடுத்தேன். எந்த மண்டலம் என்று சொல்லமாட்டேன். அடுத்த வாரமும் எனக்கு அங்கே வேலை இருக்கிறது.

அந்த அதிகாரி நல்ல மனிதர். மோர் வரவழைத்துக் கொடுத்தார். மனுவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, தான் மாற்றலாகி வந்து நாலு வருஷம்தான் ஆகிறது, அதற்கு முன்னால் பெய்யவில்லை என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். அதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்கே பட ஆரம்பித்துவிட்டது, வெயில் அப்படி. கடைசியில் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, வறட்சிப் பகுதி என்று வேண்டுமானால் ஒரு சர்டிபிகேட் தருகிறேன் என்றார். வந்ததற்கு அதையாவது வாங்கிக்கொள்வோம் என்று வாங்கிக்கொண்டேன். வாசல் வரை வந்து வழியனுப்பியவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"மழைக்கு இருக்கு மேடம், வறட்சிக்கு இருக்கு. பனிக்கு மட்டும் ஃபார்மேட் லேது."

தலை குனிந்த சாட்சி

அந்த வாரமே முனிரத்தினத்தின் மனைவி சம்பூர்ணம், புருஷனுக்குத் தெரியாமல் வந்து என் எதிரே உட்கார்ந்தார். இவர் பேசுகிறவர். பன்னிரண்டு மணி நேரம் பூட்ஸோடு கேட்டில் நிற்கிற வேலை, விரல் இல்லாத இடத்தில் பூட்ஸ் உரசி உரசிப் புண் ஆகிறது, ஆறுவதற்குள் அடுத்தது. இன்னொரு புண் ஆழமாகப் போனால் கணுக்கால் வரை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பஞ்சை அடைத்துக்கொண்டு காலை ஷிப்டுக்குக் கிளம்பிவிடுகிறார். மகள் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள், வேலையை விட முடியாது. பென்ஷன் வந்தால் அன்றைக்கே பூட்ஸைக் கழற்ற வைத்துவிடுவேன், அந்தக் காலைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்றார் சம்பூர்ணம். எனக்கு அதுவரை அது ஒரு வேடிக்கையான வழக்கு. அதற்கப்புறம் அப்படி இல்லை.

கருகின விரலை நீங்கள் எப்போது முதலில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மாளுக்கு வெட்கம் வந்துவிட்டது. நாராயணவனம் கோயிலில் கல்யாணம். மணவறையில் தலை நிமிரவிடாமல் அத்தைக்காரி பிடரியில் கை வைத்து அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். குனிந்த கண்ணுக்கு மாப்பிள்ளையின் கால்தான் தெரிந்தது. மூன்று விரல் கரேல் என்று இருந்ததைப் பார்த்து, மருதாணி போட்டுக் கறுத்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாராம். மூன்றாம் நாள் சாக்ஸைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவரும் அவர்தான். எந்த டாக்டரும் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் காலைப் பார்த்த ஒரே சாட்சி என்று நான் குறித்துக்கொண்டேன்.

"மூஞ்சிய அப்பாலதான் பாத்தேன் லாயரம்மா. காலைத்தான் மொதல்ல பாத்தேன்."

கால் கழுவின காட்சி

சம்பூர்ணத்தின் அண்ணன் அப்போது குவைத்தில் இருந்தார். தங்கை கல்யாணத்துக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் பார்ப்பதற்காக, கல்யாணத்தை ஒன்று விடாமல் வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஊருக்கு ஊர் கேபிள் டி.வி. நுழைந்திருந்த காலம் அது. அந்தக் கேசட் இன்னமும் பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவில் இருக்கிறது என்றதும் எனக்கு உட்கார முடியவில்லை. கேசட்டை சி.டி.யாக மாற்றித் தரும் கடைக்கு மூன்று பேருமாக, நானும் ரமணய்யாவும் சம்பூர்ணமும், ஒரே ஆட்டோவில் போனோம்.

கடை டி.வி.யில் கேசட் ஓடி, மாப்பிள்ளைக்குக் கால் கழுவுகிற சடங்கு வந்தது. பித்தளைத் தாம்பாளத்தில் முனிரத்தினத்தின் இரண்டு கால்களும், டி.வி. நிறைய. மூன்று விரல் கறுப்பு. மாமனார் செம்புத் தண்ணீரை ஊற்றித் தேய்க்கிறார். ரயில் கரி என்று நினைத்திருக்க வேண்டும். போகவில்லை. மஞ்சளைப் பூசித் தேய்க்கிறார். போகவில்லை. யாரிடமோ தேங்காய் நார் கேட்கிறார். வீடியோக்காரர் அங்கேயே நின்று அத்தனையையும் பிடித்திருக்கிறார். மாப்பிள்ளையோ நேரே பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். ரமணய்யா சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டார். அந்த மாமனார் இப்போது இல்லை. சம்பூர்ணம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க நைனா இன்னா தேய் தேய்க்குது பாருங்க. புது மாப்ள குளிக்காம வந்துக்கிறான்னு நென்ச்சிக்கிச்சு போல."

அதிலும் பனி

ஓய்வுபெற்ற ஒரு சர்ஜன் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். இப்படிக் கறுக்க ஒரு வாரமாவது ஆகியிருக்கும் என்று எழுதிக் கொடுத்தார். ஊருக்கு வந்த இரண்டாம் நாள் கல்யாணம் என்பதற்கு லீவு சீட்டும் பத்திரிகையும் இருந்தன. அப்படியென்றால் காயம் மலையில்தான் பட்டிருக்க வேண்டும். வழக்கு ஜெயித்த மாதிரிதான் என்று சந்தோஷமாகக் சி.டி. கடைக்காரரிடம் மீதிக் கேசட்டையும் ஓட்டச் சொன்னேன்.

அங்கேதான் வந்தது வினை. தாலி கட்டி முடித்ததும் மணமக்கள் ஓர் இதயத்துக்குள் சுற்றினார்கள், பிறகு தாமரைப் பூவுக்குள் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு, அந்தக் காலத்து வீடியோக்காரர்களின் வழக்கப்படி, பின்னால் சுவிட்சர்லாந்து வந்து நின்றது. பெரிய பனிமலை. போதாக்குறைக்கு இரண்டு பேர் தலையிலும் பனி கொட்டுகிறது. பிச்சாட்டூரில் பனி கிடையாது என்று மனு போட்டவளின் முதல் சாட்சியத்திலேயே பனி. நான் தலையில் கை வைத்துக்கொண்டதைக் கடைக்காரர் வேறு மாதிரி புரிந்துகொண்டார்.

"பனி புடிக்கலைன்னா எடுத்துர்லாம் மேடம். ரோசாப்பூ கொட்ற மாதிரி போட்டுத் தர்றேன்."

அடுத்த பாயின்ட்

சாட்சியத்தில் கை வைக்கக்கூடாது. பனியோடேயே தாக்கல் செய்தேன். சென்னையில் விசாரணை அன்றைக்கு, மேடையில் இருவர்: ஒரு நீதிபதி, அவர் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு ராணுவ அதிகாரி. இப்போதும் வலி இருக்கிறதா என்று நீதிபதி முனிரத்தினத்தைக் கேட்டார். இவர் விறைப்பாக நின்று "இல்லை சார்" என்றார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. பின்வரிசையில் சம்பூர்ணம் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. ராணுவ அதிகாரி மட்டும் அவர் நிற்கிற விதத்தை உற்றுப் பார்த்தார். பூட்ஸைக் கழற்றச் சொன்னார். கழற்றினபோது பஞ்சும் கூடவே வந்தது, பஞ்சில் ரத்தம். அதைப் பார்த்துவிட்டு அவர் சி.டி.யைப் போடச் சொன்னார்.

மாமனார் தேங்காய் நார் கேட்ட இடத்தில் நீதிபதி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் இளைஞர், பாவம், ஏதாவது சொல்லியாக வேண்டும். பனிமலை வந்ததும் எழுந்து, காயம்பட்டவர் பனிப்பிரதேசத்துக்குச் சொந்தமாகச் சுற்றுலா போயிருக்கவும் கூடுமே என்று ஆரம்பித்தார். நான் எழுந்திருப்பதற்குள் ராணுவ அதிகாரி கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"அந்த மலைமேல மாப்பிள்ளை வேட்டி கட்டிக்கிட்டு நிக்கறார், பக்கத்துல வாழைமரம் வேற இருக்கு. அடுத்த பாயின்ட்டுக்குப் போங்க."

பந்தல்

காயம் பணியால் ஏற்பட்டதுதான், ஊனப் பென்ஷன் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த வரியை முனிரத்தினம் என்னைத் தமிழில் மூன்று முறை சொல்லச் சொன்னார். பணம் வர இன்னும் சில மாதம் இழுத்தது, அது உங்களுக்குத் தெரிந்த கதை. முதல் பென்ஷன் வந்த மறுநாளே சம்பூர்ணம் கேட்டுக்கே போய் நின்று, கம்பெனி பூட்ஸைத் திருப்பிக் கொடுக்க வைத்துவிட்டார். இரண்டு மாதத்தில் புண் ஆறி, டாக்டர் இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

அதைச் சொல்ல ஒரு நாள் உச்சிவேளையில் இரண்டு பேரும் இனிப்போடு வந்தார்கள். பூட்ஸோடு வரும்போது அவிழ்க்கச் சோம்பல்பட்டு நேரே உள்ளே வந்துவிடுகிற முனிரத்தினம், அன்று ரப்பர் செருப்பில் வந்திருந்தார். அதை மாடிப்படிக்குக் கீழேயே மரியாதையாக விட்டுவிட்டு, வெறுங்காலோடு என் மொட்டைமாடியைக் கடந்து வந்தார். கடந்து என்றா சொன்னேன், துள்ளி வந்தார். அறைக்குள் நுழைந்ததும், நான் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தடவிக்கொண்டே, "தரை இன்னா சுடு சுடுது, இங்க ஒரு பந்தல் போடக்கூடாதாமா?" என்று என்னைக் கடிந்துகொண்டார். சம்பூர்ணம் இனிப்பு டப்பாவை மேசையில் வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"நல்லா கேட்டுக்கோங்க லாயரம்மா, எங்கூட்டுக்காரரு வாயத் தொறந்து சொன்ன மொத கம்ப்ளெய்ன்ட் இதுதான்."

அன்றிலிருந்து யார் படியேறி வந்தாலும் கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் கல்யாண கேசட் இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். விவாகரத்துக்கு வருகிறவர்கள் மட்டும் கொஞ்சம் முறைக்கிறார்கள்.